இந்தக் கண்ணுல இது வேலை செய்யலப்பா

2017 மே மாசம். ஞாயித்துக்கிழமை மத்தியானம், கரண்ட் வேற இல்ல. வீட்டுக்குள்ள வேகுதுன்னு நானும் எங்க வீட்டு வாண்டும் (அப்போ நாலரை வயசு) மாடிப்படி நிழல்ல உக்காந்திருந்தோம். பொழுது போகணுமே! போன மாசத்துக் காலண்டர் தாளைச் சுருட்டி, "இதாம்மா டெலஸ்கோப்பு, கப்பல் கேப்டனெல்லாம் இது வழியாத்தான் பாப்பாங்க"ன்னு கையில கொடுத்தேன்.

மேடம் உடனே வலது கண்ணுல வச்சுக்கிட்டு நேரடி வர்ணனையை ஆரம்பிச்சாங்க. எதிர் வீட்டு மொட்டைமாடில வத்தல் காயுது. அணில் ஒண்ணு வந்து திருடுது. வாலைத் தூக்குது. ஆன்ட்டி பாக்கல.

"சரி, இப்ப அந்தக் கண்ணுல வச்சுப் பாரு."

மாத்தி வச்சா. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. குழலை எடுத்து உள்ள ஊதினா. தலைகீழா திருப்பி மறுபடி வச்சா. அப்புறம் என்கிட்ட நீட்டி, "இந்தக் கண்ணுல இது வேலை செய்யலப்பா"ன்னா.

நான் சிரிச்சேங்க. சத்தியமா சிரிச்சேன். பிள்ளை என்ன அழகா பேசுதுன்னு தங்கமணியைக் கூப்பிட்டுச் சொல்லக்கூட வாயைத் திறந்துட்டேன். அப்புறம்தான் ஏதோ நெருடுச்சு. குழலை வாங்கி வச்சுட்டு, உள்ளங்கையால அவ இடது கண்ணை மூடி "அணில் இருக்கா?"ன்னேன். இருக்குன்னா. வலது கண்ணை மூடினேன். வெடுக்குன்னு என் கையைத் தள்ளிவிட்டா. திரும்ப மூடினேன், திரும்பத் தள்ளினா. மூணாவது தடவை அழுதுட்டா.

அவ்வளவுதான். அந்த வெயில்லயும் எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு.

இதுல குத்தம் யார் மேலன்னு யோசிச்சா முதல்ல நான்தான் வருவேன். மூணு வயசுல இருந்தே சாயங்காலம் அசதியா இருக்கும்போது அவளோட இடது கண் லேசா மூக்குப் பக்கமா போகும். பாத்தவங்க எல்லாம் "மாறுகண்ணு, அதிர்ஷ்டம்ப்பா"ன்னாங்க. எனக்கும் அந்த அதிர்ஷ்டம் வசதியாத்தான் இருந்துச்சு, டாக்டர்கிட்ட போக வேண்டாம் பாருங்க! அவ போன பிளே ஸ்கூல்ல ஒரு கண் பரிசோதனை முகாம் நடந்துச்சு. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கிட்டே சுவர்ல இருந்த படத்தைப் படிக்கச் சொல்லி, "நார்மல்"னு சீட்டு கொடுத்துட்டாங்க. அந்தச் சீட்டைப் பத்திரமா ஃபைல்ல வேற போட்டு வச்சிருந்தேன்.

எங்கம்மா மட்டும் ஒரு தடவை சொன்னாங்க. "ஏண்டா, இந்தப் பிள்ளை தூக்கிப் போட்ட கல்லைப் பிடிக்கவே மாட்டேங்குது. பக்கத்துல கைய வச்சுக்கிட்டு வேற எங்கயோ பிடிக்குது." சின்னப் பிள்ளைம்மா, வளந்தா சரியாயிடும்னு நான் பெரிய ஞானி மாதிரி பதில் சொன்னேன்.

கண் ஆஸ்பத்திரில எழுத்துப் பலகைக்குப் பதிலா படப் பலகை வச்சிருந்தாங்க. ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம், இந்த நாலே உருவம்தான். ஃபின்லாந்துக் கண் டாக்டர் லியா ஹைவேரினென் உருவாக்கினது. எழுத்துத் தெரியாத பிள்ளையும் கையில இருக்கிற அட்டையில அதே படத்தைத் தொட்டுக் காட்டிடலாம். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மங்கலாத் தெரிஞ்சா நாலும் ஒரே மாதிரி வட்டமாத்தான் தெரியும், ஊகிச்சுச் சொல்ல முடியாது. வலது கண்ணுல வாண்டு கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் போய்ட்டா. இடது கண்ணுல மேல ரெண்டு வரி சொன்னா. அப்புறம் "பந்து, பந்து, பந்து, பந்து." பக்கத்துல நின்ன தங்கமணி என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

சொட்டு மருந்து போட்டு, பாப்பா விரிஞ்சதும் பவர் பாத்தாங்க. வலது கண் பிளஸ் ஒண்ணரை. இடது பிளஸ் ஐந்தரை. கண்ணுல வேற நோய் எதுவும் இல்ல. டாக்டரம்மா சொன்னதை என் பாஷையில சொல்றேன். ரெண்டு கண்ணுல இருக்கிற லென்ஸும் ஒரே அளவு முயற்சிதான் பண்ண முடியும். குழந்தை தன் நல்ல கண்ணுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு முயற்சியோட நிறுத்திக்கும். அதனால மத்த கண் பிறந்ததுல இருந்து கிட்டயும் மங்கல், தூரத்துலயும் மங்கல். மூளைக்கு ஒரு தெளிவான படமும் ஒரு கலங்கின படமும் வந்துக்கிட்டே இருந்தா அது என்ன பண்ணும்? கலங்கினதை எடுத்துக் குப்பையில போட்டுடும். நாளடைவுல அந்தக் கண்ணுக்கு மூளையில இடமே இல்லாம போயிடும். ஆம்பிளியோபியான்னு பேரு, நம்மாளுங்க சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுவாங்க. நூத்துல ரெண்டு மூணு பிள்ளைங்களுக்கு இருக்கிற விஷயம்தான், அபூர்வம் ஒண்ணும் இல்ல. (சோம்பேறின்னு பேர் வச்சவர் யாருன்னு தெரிஞ்சா ரெண்டு வார்த்தை கேக்கணும். அந்தக் கண் எங்க சோம்பேறியா இருந்துச்சு, யாரும் அதுக்கு வேலையே கொடுக்கல.)

வீட்டுக்கு வந்து ராத்திரி உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன். டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல்னு ரெண்டு பேர் 1960கள்ல பூனைக்குட்டிகளை வச்சுப் பண்ணின ஆராய்ச்சி. பிறந்த கொஞ்ச நாள்ல ஒரு கண்ணோட இமையைத் தைச்சு மூடிட்டு, சில மாசம் கழிச்சுத் திறந்து பாத்தாங்க. கண்ணுல கோளாறே இல்ல. ஆனா மூளையில பார்வைப் பகுதியில இருக்கிற செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லல. வளந்த பூனைக்கு அதே மாதிரி மூடித் திறந்தா ஒண்ணும் ஆகல. 1981-ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைச்சுது. நான் படிச்சதுல என்னைத் தூங்க விடாம பண்ணினது அந்த "சில மாசம்" தான். எங்க வீட்டுப் பூனைக்குட்டிக்கு நாலரை வருஷம் ஆயிடுச்சே!

ஏழு வயசுக்குள்ள ஆரம்பிச்சா நல்ல பலன் இருக்கும், அதுக்கு மேலயும் முயற்சி பண்ணலாம், கதவு ஒரேயடியா சாத்திடாதுன்னு டாக்டரம்மா தைரியம் சொன்னாங்க. முதல்ல கண்ணாடி மட்டும். கண்ணாடி போட்டதுலயே நாலுல ஒரு பிள்ளைக்கு முழுசா சரியாயிடுமாம். எங்களுக்கு அந்த யோகம் இல்ல. நாலு மாசத்துல 6/36-ல இருந்து 6/24-க்கு வந்து நின்னுடுச்சு. அடுத்தது பேட்ச். நல்ல கண்ணை ஒட்டி மூடி, மங்கின கண்ணை வேலை வாங்கறது. தினம் 2 மணி நேரம். முன்னெல்லாம் நாள் பூரா ஒட்டச் சொல்லுவாங்களாம். அமெரிக்காவுல பல ஊர்க் கண் டாக்டர்கள் சேர்ந்து நடத்தின ஆய்வுல, இவளை மாதிரி நடுத்தரமான குறைபாட்டுக்கு 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஏறக்குறைய ஒரே பலன்தான்னு 2003-ல தெரிஞ்சுது.

ரெண்டே மணி நேரம்தானே, ஊதித் தள்ளிடலாம்னு நினைச்சோம். ஹிஹி.

மொதல் நாள் 6 நிமிஷம். ரெண்டாம் நாள் ஒட்டும்போதே கடிச்சுட்டா. மூணாம் நாள் அமைதியா ஒட்டிக்கிட்டு அறைக்குள்ள போனா, ஆஹா பிள்ளை திருந்திடுச்சுன்னு நாங்க காபி குடிச்சோம். போய்ப் பாத்தா பேட்ச் பொம்மையோட கண்ணுல இருக்கு. யோசிச்சுப் பாருங்க, நல்லாத் தெரியற கண்ணை மூடிட்டு, மங்கலாத் தெரியற கண்ணோட ஒரு உலகத்துல இருன்னு சொன்னா நீங்களும் நானும் இருப்போமா? டிவி போட்டு விட்டோம். அவ முகத்தை டிவில ஒட்டிக்கிட்டு அழுதா. சாக்லேட் கொடுத்தோம், சாக்லேட்டை முழுங்கிட்டுப் பேட்சைப் பிச்சா. பக்கத்து வீட்டுல இருந்து "பாவம், பிள்ளையை ஏன் இப்படிக் கொடுமைப்படுத்தறீங்க"ன்னு கேட்டாங்க. எனக்கும் தங்கமணிக்கும் அந்த மாசம் நடந்த சண்டையெல்லாம் இங்க எழுதினா பப்ளிஷ் பண்ண எனக்கு வீட்டுல அனுமதி கிடைக்காது.

தீபாவளிக்கு ஊர்ல இருந்து எங்கம்மா வந்தாங்க. வந்தவங்க ஒரு நாள் பூரா வேடிக்கை பாத்தாங்க. ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "அந்த ஒட்டுற சமாச்சாரம் எனக்கும் ஒண்ணு குடு"ன்னாங்க.

மறுநாள் காலைல வாண்டு எழுந்து வந்தப்ப அப்பத்தா ஒத்தைக் கண்ணுல பேட்சோட உக்காந்து, முன்னாடி அஞ்சு கூழாங்கல்லைப் பரப்பி வச்சுத் தட்டாங்கல் ஆடிக்கிட்டு இருக்காங்க. "எனக்கு ஆபரேஷன் பண்ணினப்பவும் இப்படித்தான ஆத்தா ஒட்டுனாங்க. இதோட ஆடுறவங்கதான் கெட்டிக்காரங்க. ரெண்டு கண்ணால யாரு வேணா ஆடலாம்." பேசி முடிச்சுட்டு அவங்க பாட்டுக்கு ஆடினாங்க. ஒட்டிக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லல. பத்து நிமிஷம் பாத்தா வாண்டு. அவளே போய் பேட்ச் டப்பாவை எடுத்துட்டு வந்தா.

அதுல இருந்து வீட்டுல சட்டம் அதுதான். ஆட்டத்துல சேரணும்னா யாரா இருந்தாலும் ஒரு கண்ணை மூடணும். நானும் ஒட்டிக்கிட்டேன். எங்கம்மா செம்புல இருந்து டம்ளர்ல தண்ணி ஊத்துன்னாங்க. ஊத்தினேன், வேட்டி மேல! தூக்கிப் போட்ட கல்லைப் பிடிக்கப் போனா கை ஒரு சாண் தள்ளிப் போய் காத்தைப் பிடிக்குது. வாண்டு விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்ச மாதிரி காட்டிக்கிட்டேன். நாலரை வருஷமா என் பொண்ணு இந்த மாதிரிதானே எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. அவளைப் பாத்து எத்தனை தடவை "கவனமே இல்ல உனக்கு"ன்னு கத்தியிருக்கேன்.

அடுத்த ஒரு வருஷத்துல நாங்க ஆடாத ஆட்டம் இல்ல. பல்லாங்குழில புளியங்கொட்டை. துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து மூணையும் கலந்து கொட்டிப் பிரிக்கிற போட்டி (ஜெயிச்சவங்களுக்கு அப்பளம்). அரிசி டப்பாவுக்குள்ள ஊக்கு ஒளிச்சு வச்சுத் தேடறது, மூடின ஊக்குதாங்க, பயப்படாதீங்க. பாசிமணி கோக்கறது. நாலு புள்ளில ஆரம்பிச்சு ஏழு புள்ளிக் கோலம். அவளுக்கு ரொம்பப் பிடிச்சது "ழ வேட்டை". தினத்தந்தியைத் தரையில விரிச்சு, முதல்ல பெரிய தலைப்புல இருக்கிற ழ-வை எல்லாம் ஸ்கெட்ச் பேனாவால வட்டம் போடணும். அதுல தேறின பிறகு சின்னத் தலைப்பு. ஆறேழு மாசம் கழிச்சு ஒரு நாள் செய்திக்குள்ள இருந்த பொடி எழுத்துல ஒரு ழ-வைக் கண்டுபிடிச்சா. அந்தப் பக்கத்தை இன்னும் வச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துச் சீட்டைத் தூக்கிப் போட்டுட்டு அந்த ஃபைல்ல இதை வச்சேன்.

பேட்சோட படியில ஏற விடல, ரோட்டுல விடல. அதே மாதிரி கிட்டிப்புள், ஈர்க்குச்சி வில் அம்பு ரெண்டுக்கும் எங்க வீட்டுல நிரந்தரத் தடை. பட்டாசை அவ தூரத்துல இருந்துதான் பாப்பா. ஒத்தை நல்ல கண்ணை நம்பி இருக்கிற பிள்ளை, அந்தக் கண்ணுல அடிபட்டா என்ன ஆகும்னு நினைச்சுப் பாக்கவே முடியல. கண்ணாடிக்கும் லேசுல உடையாத பாலிகார்பனேட் லென்ஸ்தான் கேட்டு வாங்கினோம்.

இப்ப ஒரு தமாஷ். நாலு மாசம் கழிச்சு செக்கப்புக்குப் போனப்ப 6/12. எனக்குத் தலைகால் புரியல. "பருப்புப் பொறுக்கினதுதான் டாக்டர்! கிட்டப் பாக்கிற வேலை கொடுத்துக் கொடுத்தே கொண்டாந்துட்டோம்!"னு பெருமையடிச்சேன். டாக்டரம்மா சிரிச்சாங்க. "அதையும் ஆராய்ச்சி பண்ணிட்டாங்க சார். பேட்ச் போட்டுக்கிட்டு கிட்ட இருந்து நுணுக்கமான வேலை செஞ்ச பிள்ளைகளுக்கும், தூரத்துல பாத்து விளையாடின பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லைன்னு 2008-லயே தெரிஞ்சு போச்சு. பேட்ச் எவ்வளவு நேரம் கண்ணுல இருந்துச்சுங்கறதுதான் கணக்கு. நீங்க ஒழுங்கா ஒட்டியிருக்கீங்க, அதான்."

பருப்புக்கு ஒரு மகிமையும் இல்லையான்னு எனக்கு ஒரே ஏமாற்றம். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அவங்க அலட்டிக்கவே இல்ல. "பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறப்ப பாலாடைல வச்சுத்தான ஊத்துறோம்? பாலாடையா காய்ச்சலைக் குணப்படுத்துது? அது இல்லாட்டி மருந்து உள்ள போகாதுல்ல." இதைவிடத் தெளிவா எனக்கு யாரும் சொல்லல. இணையத்துல "கண்ணுக்கு இந்த 7 விளையாட்டு, கண்ணாடியே வேண்டாம்"னு வீடியோ போடறவங்களைப் பாத்தா பத்திக்கிட்டு வருது. விளையாட்டு கண்ணாடிக்கு மாற்றும் இல்ல, பேட்சுக்கு மாற்றும் இல்ல. பவர் இருக்கிற பிள்ளைக்குக் கேரட்டும் மாற்று இல்ல. (வைட்டமின் ஏ குறைவா இருக்கிற பிள்ளைக்குக் கீரை, கேரட், பப்பாளி எல்லாம் உயிர். 9 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்துல சொட்டு மருந்தாவே கொடுக்கறாங்க. அது வேற கணக்கு.)

2019-ல சின்னவன் பிறந்தான். சூடு கண்ட பூனை இல்லையா, அவனை நாங்க கண்ணும் கருத்துமா... சரி, கண்ணுமா கவனிச்சோம். புதுசாப் பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாத் தெரியறது 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான். மடியில படுத்து பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம்! எந்தப் பொம்மைக் கடையும் அதைவிட நல்ல பொம்மை விக்கல. முதல் மாசங்கள்ல வெளிர் கலரெல்லாம் கண்ணுக்குப் பிடிபடாது, அழுத்தமான கறுப்பு வெள்ளைதான் இழுக்கும். தங்கமணி அட்டையில கறுப்புக் கட்டம் வரைஞ்சு காட்டுவாங்க, பய முறைச்சு முறைச்சுப் பாப்பான். மூணு மாசத்துல கிலுகிலுப்பையை ஆட்டாம, சத்தமில்லாம, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் மெதுவா நகர்த்தினா கண் கூடவே வரணும். சத்தம் வந்தா காதுதான் பாஸ் ஆகும், கண்ணு இல்ல. அம்மா மொட்டைமாடில நிலாச்சோறு ஊட்டுவாங்க. கையில இருக்கிற உருண்டையைப் பாக்கறதும், வானத்துல நிலாவைப் பாக்கறதும், கீழ போற நாயைப் பாக்கறதும்னு கிட்டயும் தூரமுமா அலையற பார்வை. மை மட்டும் கண்ணுக்குள்ள தீட்டக் கூடாதுன்னுட்டேன். அதுக்கு ஒரு வாரம் அம்மா என்கிட்ட பேசல. கன்னத்துல திருஷ்டிப் பொட்டோட சமாதானம் ஆச்சு.

வாரத்துக்கு ஒரு நாள் எங்க வீட்டு ஆட்டம் ஒண்ணு உண்டு. கண்ணாமூச்சி மாதிரி சிரிச்சுக்கிட்டே ஒரு கண்ணை மட்டும் கையால மூடுவேன், அப்புறம் அடுத்த கண்ணை. ரெண்டுக்கும் ஒரே மாதிரி சிரிச்சா சந்தோஷம். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டா டாக்டர்கிட்ட ஓடணும். மாடிப்படில அன்னிக்கு வாண்டு செஞ்சது அதேதான். எனக்குத்தான் நாலரை வருஷமா மூடிப் பாக்கத் தோணல. இன்னொண்ணையும் சொல்லிடறேன். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல ஒரு கண்ணுல சிவப்புக்குப் பதிலா வெள்ளையா மினுங்கினா அன்னிக்கே போங்க. பல தடவை அது வெறும் வெளிச்சக் கோணமா இருக்கும். சில தடவை கண் புற்றுநோயா இருக்கும், சீக்கிரம் பாத்தா காப்பாத்திடலாம்.

தங்கமணிக்கு மைனஸ் 4. பையனுக்கும் கிட்டப்பார்வை வரலாம்கிற பயம் இருந்துச்சு. அதுக்கு விளையாட்டு பாலாடை இல்ல, மருந்தே அதுதான். சீனாவுல குவாங்சோ நகரத்துப் பள்ளிகள்ல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளை தினம் கூடுதலா 40 நிமிஷம் வெளிய விட்டுப் பாத்தாங்க. மூணு வருஷத்துல, வெளிய விட்ட பிள்ளைகள்ல 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்துச்சு, மத்தவங்கள்ல 39.5 சதவீதம். 2015-ல வந்த ஆய்வு. தைவான்ல 2010-ல இருந்தே தினம் 2 மணி நேரம் வெளியன்னு பள்ளிக்கூடங்கள்ல கொண்டுவந்துட்டாங்க. ஓடணும்னுகூட இல்ல, வெளிச்சத்துல இருந்தா போதும். நம்ம வீட்டு ட்யூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ், வேப்பமரத்தடி நிழல்லயே பல ஆயிரம். 2020 ஊரடங்குல எங்களுக்கு மொட்டைமாடிதான் மைதானம். பழைய போர்வை, ஒரு பக்கெட் தண்ணி, பட்டம். இவன் மாடியிலயே வளந்தான்னு சொல்லலாம். போன் பிடுங்கற சண்டை எங்க வீட்டுலயும் உண்டுங்க, நான் ஒண்ணும் உத்தமன் இல்ல.

வாண்டு கதைக்கு வரேன். முதல் தடவை ஆஸ்பத்திரி போனப்பவே, கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒண்ணைப் போட்டுவிட்டு ஒரு புத்தகத்தைக் காட்டினாங்க. பக்கம் பூரா ஒரு ஈயோட பெரிய படம். ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செஞ்சா அந்த ஈ காகிதத்தை விட்டு எழும்பி நிக்கிற மாதிரி தெரியும். "இறக்கையைப் பிடிம்மா"ன்னாங்க. அவ விரலைக் காகிதத்து மேல அழுத்தி, "பிடிக்க முடியாது ஆன்ட்டி, இது போட்டோ"ன்னா. அன்னிக்கு அந்தப் பதில் புத்திசாலித்தனமா பட்டுச்சு எனக்கு.

பேட்ச் ஆரம்பிச்சு பதினாலாவது மாசம். இடது கண் 6/9. பேட்சைக் குறைச்சு நிறுத்தலாம், ஆனா நாலுல ஒரு பிள்ளைக்குத் திரும்ப இறங்கும், செக்கப்பை விட்டுடாதீங்கன்னு சொல்லிட்டு (இன்னிவரைக்கும் விடல, அவ இப்ப பெரிய பிள்ளை) அதே புத்தகத்தை எடுத்தாங்க. கண்ணாடியைப் போட்டுவிட்டாங்க. வாண்டு குனிஞ்சா. டக்குன்னு தலையைப் பின்னுக்கு இழுத்தா. அப்புறம் மெதுவா ரெண்டு விரலை நீட்டி, காகிதத்துக்கு ரெண்டு அங்குலம் மேல, ஒண்ணுமே இல்லாத இடத்துல, எதையோ கிள்ளினா.

"ச்சீ"ன்னா. "கால்ல முடி இருக்குப்பா."

வெளிய வந்து வராந்தாவுல இருந்தே ஊருக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட சொன்னேன். குரல் சரியா வரல எனக்கு. ஈயைப் பத்தி, காத்துல கிள்ளினதைப் பத்தி எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க.

"ஈ கெடக்கட்டும். கல்லைப் பிடிக்கிறாளா?"